எக்ஸ் 786 என்ன விலை?

1

மண்டபம் கேம்பில் கையில் ஊசி குத்தி என்னை இலங்கைக்குக் கப்பலேற்றிய நாளிலிருந்து எண்ணினால் இந்த மாதத்தோடு பத்து வருஷம். அட்டன் கடைத்தெருவில் போர்டு எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதை நினைவுபடுத்த யாரும் மாலையோடு வரவில்லை. சர்க்காரிலிருந்து ஒரு பழுப்புக் கவர்தான் வந்தது. என்னுடைய தற்காலிக வதிவிட அனுமதி முடியப் போகிறதாம். நீட்டித்துக்கொள்ள வேண்டுமானால் இன்னின்ன பத்திரங்களோடு வந்து சேர் என்று எழுதியிருந்தார்கள். பத்து வருஷமாக நான் இங்கே தற்காலிகமாக இருக்கிறேன். தற்காலிகமாகவே டிக்கோயாவில் பெண் எடுத்து, தற்காலிகமாகவே இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனும் ஆகிவிட்டேன்.

லால்குடியிலிருந்து என் அண்ணன் கடிதத்துக்குக் கடிதம் ஒரே கேள்வியைக் கேட்கிறார். "அந்தக் குளிரில் உட்கார்ந்துகொண்டு அப்படி என்னதான் வேலை செய்கிறாய்?" இந்தத் தடவை அவருக்கு நேரான பதில் எழுத முடியும். இரண்டு மாதமாக ஒரு கார் நம்பருக்கு விலை போட்டுக்கொண்டிருந்தேன். காருக்கு அல்ல, நம்பருக்கு. இதைப் படித்தால் அண்ணன் எனக்குக் குளிர் தலைக்கு ஏறிவிட்டது என்று முடிவு கட்டுவார். ஆகையால் முழுவதையும் எழுதிவிடுகிறேன். அவரோடு சேர்ந்து நீங்களும் படியுங்கள்.

நம்பர், எக்ஸ் 786. டயகமப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெரிய துரை, உலகச் சண்டைக்கு முன்பே வாங்கிய கறுப்புக் கார். இந்த மலை மழை தகரத்தில் எழுதிய பெயின்டை ஒரே வருஷத்தில் தின்றுவிடும். ஆகவே வருஷா வருஷம் அதன் முன் தகடும் பின் தகடும் என் கடைக்கு வரும். கறுப்புப் பூசி, வெள்ளையில் எழுதி அனுப்புவேன். வாய்ப்பாடு படிக்கிற என் மகன் எக்ஸ் என்று வாசிக்க மாட்டான். "பெருக்கல் எழுநூத்தி எம்பத்தாறு" என்பான். எதைப் பெருக்குவது என்று கேட்டால், அது துரைக்குத்தான் தெரியும் என்பான்.

துரைக்கு ஒன்றும் தெரியாது. அவர் சீமைக்குத் திரும்புகிறார். சாமான்களையெல்லாம் விற்கிற வரிசையில் காரையும் விற்கச் சொல்லிப் பெரிய கிளாக்கரிடம் விட்டுவிட்டார். அக்கரப்பத்தனைக் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் காசிம் முதலாளிக்கு இந்தச் செய்தி எட்டிய மறுநாளே, முதல் பஸ்ஸில் என் கடைக்கு வந்துவிட்டார்.

காசிம் முதலாளி கீழக்கரைக்காரர். அறுபதை நெருங்குகிறவர். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை, கையில் எப்போதும் ஒரு குடை. அவர் கடைக்கு மூன்று தடவை போர்டு எழுதியிருக்கிறேன். மூன்று தடவையும் மேலே மூலையில் முதலில் 786 என்று எழுதச் சொன்னார். நாம் எதை எழுதத் தொடங்கினாலும் பிள்ளையார் சுழி போடுகிறோம் அல்லவா? அந்த இடத்தில் அவர்கள் 786 போடுவார்கள். இறைவன் பெயரால் தொடங்கும் அரபு வாசகத்தின் எழுத்துகளுக்கு எண் மதிப்பு வைத்துக் கூட்டினால் அந்தத் தொகை வருமாம். 

"தம்பி, அந்த நம்பரு என்னா வெலை பெறும்ண்டு சொல்லுங்க," என்றார்.

"காருக்கு விலை மெக்கானிக்கைத்தானே கேக்கணும் முதலாளி."

"காரு யாருக்கு வேணும்? மேட்டுல ஏறுனா இருமுது. எனக்கு நம்பருதான் வேணும். நம்பர மட்டும் கழட்டித் தர மாட்டாங்களாம். காரோடதான் வருமாம்."

"அப்ப காரை வாங்கிக்க வேண்டியதுதானே?"

"வாங்குவேன். ஆனா காருக்கு இம்புட்டு, நம்பருக்கு இம்புட்டுண்டு பிரிச்சுச் சொல்லுங்க. நான் எதுக்குக் காசு குடுக்குறேண்டு எனக்குத் தெரியணும்ல."

நம்பர் எழுதுகிறவனுக்கு நம்பரின் விலை தெரியும் என்று அவர் நம்பியதில் எனக்குப் பெருமைதான். ஒரு மாதத்தில் சொல்கிறேன் என்று பெரிய மனுஷன் மாதிரி ஒப்புக்கொண்டேன்.

2

எனக்குத் தெரிந்த முதல் வழி என் தொழில் வழி. ஓர் எழுத்துக்கு ஐம்பது சதம் வாங்குகிறேன். எக்ஸ் ஒன்று, எண் மூன்று, ஆக நாலு உரு. ஒரு தகட்டுக்கு இரண்டு ரூபாய். இரண்டு தகட்டுக்கு நாலு ரூபாய். இதைச் சொன்னபோது முதலாளி சிரிக்கக்கூட இல்லை.

இரண்டாவது வழி கழித்தல். அதே வயசு, அதே ஜாதிக் கார் ஒன்றை டிக்கோயாவில் ஒரு டாக்டர் விற்றிருந்தார். அதன் விலையைக் கேட்டறிந்தேன். பெரிய கிளாக்கர் கேட்கிற விலையிலிருந்து அதைக் கழித்தால் மிச்சம் நம்பரின் விலையாக இருக்க வேண்டும். கழித்தால் நானூறு ரூபாய் வந்தது. அப்புறம்தான் தெரிந்தது, டாக்டரின் காரில் பிரேக் பிடிக்கும் என்று. இதில் பிடிக்காது. அப்படியானால் நம்பரின் விலை நானூறுக்கும் மேலே போக வேண்டும். பெரிய கிளாக்கர் கெட்டிக்காரர். துரைக்குத் தெரியாததை அவர் தெரிந்துவைத்துக்கொண்டு, முதலாளியின் ஆசைக்கும் சேர்த்தே விலை சொல்லியிருந்தார்.

நம் ஊரில் ஜட்கா வண்டிக்காரன்கூட குதிரையின் சுழி பார்த்து விலை பேசுவான். இங்கே தகரத்துக்குச் சுழி பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் இந்த நம்பருக்கு இன்னொரு சொந்தக்காரனும் இருந்தான். அவனைச் சொல்லாமல் விலை போட முடியாது.

3

அந்தக் காரை வாங்கிய நாளிலிருந்து ஓட்டுகிறவர் சின்னையா. கைக்குழந்தையாகத் துறையூர்ப் பக்கத்திலிருந்து தூக்கிக்கொண்டு வரப்பட்டவர். தோட்டத்தில் சின்னையா என்ற பெயரில் பத்துப் பேர் இருப்பதால் இவரை "ஏழெட்டாறு" என்றே கூப்பிடுவார்கள். மனைவி செல்லாயி கொழுந்து பறிக்கிறாள். அவளுக்கு "ஏழெட்டாறு சம்சாரம்" என்று பெயர். மூன்று பிள்ளைகளும் ஏழெட்டாறு மகன், ஏழெட்டாறு மக. துரை காசு கொடுத்து வாங்கியும் அவரை யாரும் அந்த நம்பரால் அழைத்ததில்லை. 

பெயர் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் பேர் என்றால் பெயர் மட்டுமல்ல. காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணி, செக்ரோல் புத்தகத்தில் அன்றைய வேலைக்கு அடையாளம் போடுவதற்கும் பேர் போடுவது என்றுதான் சொல்கிறார்கள். ஒரு பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். இது தெரியாமல் நான் வந்த முதல் வாரமே மாட்டிக்கொண்டேன். ஒரு தோட்டத்தில் போர்டு எழுதிக்கொண்டிருந்தபோது, ஒரு பெண் கண் கலங்கிக்கொண்டே போனாள். "எனக்கு அரைப்பேருதாண்ணே போட்டாங்க," என்றாள். நான் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு, "முழுப்பேரு என்னம்மா? சொல்லு, நான் எழுதிடுறேன்," என்றேன். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். பின்னால் வந்த நாற்பது பெண்களும் கூடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இன்றைக்கும் அந்தத் தோட்டத்தில் எனக்கு முழுப்பேருக்காரர் என்று பெயர்.

சின்னையா துரையின் பங்களாவுக்கு டிரைவராகப் போனதும் செக்ரோலில் அவருக்குப் பேர் போடுவது நின்றுபோயிற்று. பங்களா ஆட்களுக்குத் துரை கையிலிருந்தே சம்பளம். அதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை, பிரஜாவுரிமைச் சட்டம் வரும் வரை.

சட்டம் உங்களுக்குப் பத்திரிகையில் படித்துத் தெரிந்திருக்கும். சுதந்திரம் வந்த கையோடு தோட்டத்து ஜனங்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாகிவிட்டார்கள். இந்த மண்ணில் இத்தனை வருஷம் விடாமல் குடியிருந்தேன் என்று நிரூபித்து மனுப் போட்டால் உரிமை உண்டு. விடாமல் என்பதுதான் அதில் முக்கியமான சொல். ஒரே மூச்சில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே போயிருந்தால் தொலைந்தது. சின்னையா தனக்கும் மனைவி மக்களுக்கும் மனுப் போட்டு, பல வருஷம் கழித்து இப்போதுதான் விசாரணைக்கு அழைப்பு வந்தது. கிடைத்தால் குடும்பம் இங்கே இருக்கலாம். கிடைக்காவிட்டால், பிள்ளைகள் கண்ணால் பார்த்திராத துறையூருக்கு ஒரு நாள் கப்பலேற வேண்டும்.

"பெயின்டரு தம்பி, நீங்களும் கூட வாங்க. எனக்குக் கச்சேரி கந்தோருன்னா வாய் கொழறும்," என்று கூப்பிட்டார். நானே தற்காலிக ஆசாமி. இருந்தாலும் போனேன்.

4

நுவரெலியாவில் ஒரு கந்தோர். கந்தோர் என்றால் ஆபீஸ். இதற்கும் எனக்கு மூன்று மாதம் பிடித்தது. அதிகாரி ஒரு சிங்களக் கனவான். கேள்வியை இங்கிலீஷில் கேட்டார். அதைத் தமிழில் சொல்வதற்கு யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர். சின்னையாவை நிற்கவைக்காமல் நாற்காலி கொடுத்தார். நான் கதவோரம் நின்றேன்.

எல்லாம் சுமுகமாகத்தான் போயிற்று. துரை கொடுத்த கடிதம் இருந்தது. ஆனால் நேர்மையான துரை அதில் ஒன்றை எழுதியிருந்தார். சண்டைக் காலத்தில் ஒன்றரை வருஷம் தாம் பட்டாளத்தில் இருந்ததாகவும், அந்தக் காலத்துக்கு மட்டும் தம்மால் சாட்சி சொல்ல முடியாதென்றும். அப்போது அவர் இடத்திலிருந்து, அவர் காரையும் வைத்துக்கொண்டிருந்த துரை காலமாகிவிட்டார். அதிகாரி அந்த வரியின் மேல் பென்சிலை வைத்தார்.

மொழிபெயர்ப்பாளர் கேட்டார்: "துரை பட்டாளத்துக்குப் போயிருந்த காலத்திலை உம்முடைய பேர் தோட்டத்திலை இருந்ததோ?"

சின்னையா சத்தியவான். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார். "இல்லைங்கய்யா. அப்ப எனக்குப் பேரு இல்லைங்க. பங்களா ஆளுக்கு ஏதுங்க பேரு?"

அது இங்கிலீஷில் எப்படிப் போயிற்று என்று எனக்குக் கேட்டது. அந்தக் காலத்தில் இவர் பெயர் தோட்டத்தில் இல்லை என்று இவரே ஒப்புக்கொள்கிறார். நான் கதவருகிலிருந்து, "ஐயா, அந்தப் பேர் வேற," என்றேன். வெளியே நிற்கச் சொன்னார்கள். அதிகாரி எழுதி முடித்துவிட்டு, அந்த ஒன்றரை வருஷமும் இவர் இலங்கையில் இருந்தார் என்பதற்கு எழுத்தில் ஒரு சாட்சியம் வேண்டும், ஒரு மாதத்துக்குள் கொண்டுவராவிட்டால் மனு தள்ளப்படும் என்றார்.

சாப்பாட்டு நேரத்தில் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து அரைப்பேர், முழுப்பேர் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் முகம் வாடிவிட்டது. "எனக்கு அப்பிடி விளங்கேல்லை. பேர் எண்டால் பேர்தானே எண்டு நினைச்சன். நான் அதை அவருக்கு விளங்கப்படுத்திறன். ஆனால் அவர் எழுத்திலை கேட்டிட்டார். அந்தக் காலத்துக்கு ஒரு கடதாசி எப்பிடியும் கொண்டு வாரும்," என்றார். தமிழ் பேசுகிற மூன்று பேர் ஒரே ஒரு தமிழ்ச் சொல்லில் மாட்டிக்கொண்டு அந்த வராந்தாவில் நின்றோம்.

திரும்பும்போது பஸ்ஸில் சின்னையா ஒரே ஒரு தடவைதான் பேசினார். "நான் பொய் சொல்லியிருக்கணுமா தம்பி?"

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது என் மகள் கேட்டாள், "அவங்கள ஏம்பா அனுப்பணும்? அவங்க இந்த ஊருக்காரங்கதானே? நீங்கதானே இந்தியாக்காரர்?" அவளுக்கு எட்டு வயசு. என்னை மட்டும் தனியாகப் பிரித்து அக்கரையில் வைத்துவிட்டு, பள்ளிக்கூடப் பாடத்தை எழுதத் தொடங்கிவிட்டாள். அந்த வேடிக்கையை அன்று என்னால் ரசிக்க முடியவில்லை.

5

கடதாசிக்கு அலைந்தோம். பங்களாவின் பழைய புத்தகங்களைக் கரையான் தின்றிருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் செல்லாயியின் பெயர் இருந்தது, அவர் பெயர் இல்லை. மூன்று வாரம் ஓடிவிட்டது. கெடுவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது காசிம் முதலாளி விலை என்னாயிற்று என்று ஆள் அனுப்பினார். எனக்கு விலை போடுகிற மனசே இல்லை. வாக்குக் கொடுத்துவிட்டோமே என்று அக்கரப்பத்தனைக்குப் போனேன்.

"நானூறுக்கு மேலே தராதீங்க முதலாளி. அதுவே அதிகம்," என்றேன்.

"நானூறா? தம்பி, இந்த நம்பர் மேல நான் வச்சிருக்குற ஆச உங்களுக்குத் தெரியாது. இப்பக் காட்டுறேன்," என்று கல்லாப்பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தார்.

அவர் சொன்னது இது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் துரையின் கார் பேங்குக்கும் தபாலுக்குமாகக் கீழே வரும். இவர் ஜும்மாத் தொழுகைக்குப் புறப்பட்டுக் கடைப்படியில் கால் வைக்கும்போது எதிரே 786 போகும். அது அவருக்கு அந்த வாரத்தின் நல்ல சகுனம். சண்டைக் காலத்தில் ஊரில் உம்மாவுக்கு முடியவில்லை என்று கீழக்கரைக்குப் போனார். கடையைத் தம்பி பார்த்துக்கொண்டார். ஊரில் இருந்தாலும் இவருக்கு நம்பர் ஞாபகம்தான். தம்பி விளையாட்டாக, எழுதுகிற ஒவ்வொரு தபாலட்டையிலும் கடைசியில் அதைப் பற்றி ஒரு வரி சேர்த்து எழுதியிருக்கிறார். 

அட்டைகள் இருபத்தாறு இருந்தன. எல்லாவற்றின் தலையிலும் வழக்கப்படி 786. அதன் கீழே "காக்கா அவர்களுக்கு" என்று ஆரம்பம். கீழக்கரையில் அண்ணனைக் காக்கா என்பார்கள். அரிசி விலை, கூப்பன் கெடுபிடி, சரக்கு வரத்து. கடைசி வரி மட்டும் நம்பர் சமாசாரம். "இன்று வெள்ளி. உங்கள் நம்பர் வந்தது. சின்னையாதான் ஓட்டினார், சலாம் சொன்னார்." "நம்பர் வந்தது. சின்னையாவுக்கு ஜலதோஷம்." "பாலம் உடைந்து நம்பர் வரவில்லை. சின்னையா நடந்து வந்து தபால் எடுத்துப் போனார்." 

நான் அட்டைகளைத் திருப்பிப் பார்த்தேன். மறுபக்கத்தில் தபால் முத்திரை, தேதி, சண்டைக்காலத் தணிக்கை முத்திரை. துரை பட்டாளத்துக்குப் போயிருந்த அதே காலம். 

"முதலாளி, இது போதும். சின்னையா தப்பிச்சார்," என்று எல்லாவற்றையும் கொட்டினேன். முடிக்கும்போதுதான் முகவரியைக் கவனித்தேன். இருபத்தாறு அட்டையிலும் ஒரே முகவரி. முகம்மது காசிம், கீழக்கரை. முதல் அட்டைக்கும் கடைசி அட்டைக்கும் நடுவில் பதினாலு மாதம்.

காசிம் முதலாளியும் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டவர். அவர் மனுவும் இன்னும் விசாரணையில்தான் இருந்தது. 

நான் முகவரியைப் பார்ப்பதைக் கண்டு அவரே சொன்னார். "ஆமாந் தம்பி. என் மனுவுல இதச் சொல்லல. உம்மா மவுத்தாகி, அப்புறம் அக்கரையில இருந்து வரச் சீட்டுக் கெடைக்கல. பதினாலு மாசமாப் போச்சு. பன்னெண்டோட திரும்பியிருந்தா ஒரு தொல்லையும் இல்ல."

ஓர் அட்டையை எடுத்து முகவரியை விரலால் தடவினார். "நீங்க பெயின்டருதானே? இந்த முகவரிய மட்டும் அழிக்க முடியாதா?"

"அழிச்சா முத்திரையும் சேந்து போயிடும் முதலாளி. முத்திரை முகவரி மேலதான் விழுந்திருக்கு."

"இத நான் குடுத்தா என் மனு?"

"போயிடும்."

"குடுக்காட்டி அவன் மனு?"

"அதுவும் போயிடும்."

"அவனுக்குப் புள்ளைங்க எத்தன?"

"மூணு."

அவருடைய பெண்டு பிள்ளைகள் கீழக்கரையில். ஆனால் முப்பது வருஷக் கடை இங்கே. அட்டைகளை எழுதிய தம்பியை இங்கே பள்ளிவாசல் மண்ணில்தான் அடக்கியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அங்கே போய் நிற்காமல் அவர் வீடு திரும்புவதில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அட்டைகளைக் கொடுங்கள் என்றும் கேட்க முடியவில்லை, கொடுக்காதீர்கள் என்றும் சொல்ல முடியவில்லை.

அவர் டின்னை மூடிப் பழைய இடத்தில் வைத்தார். "யாவாரத்துக்கு ஆளு வந்திருக்கு தம்பி. பொறகு பேசுவோம்," என்றார். கடைக்கு யாரும் வந்திருக்கவில்லை. 

சின்னையாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் போய்க் காலில் விழுந்திருப்பார். அப்படி விழவைத்து ஒரு மனிதனிடமிருந்து அதை வாங்க எனக்குப் பிடிக்கவில்லை. அந்த வாரம் நான் எழுதிய ஒரு போர்டிலும் வரி நேராக நிற்கவில்லை.

6

கெடு நாளன்று வெறுங்கையோடுதான் சின்னையாவும் நானும் நுவரெலியா கந்தோர் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். மழை. செல்லாயி முடிந்து கொடுத்த விபூதிப் பொட்டலத்தை அவர் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அவர் பெயரைக் கூப்பிடுகிற நேரத்தில் காசிம் முதலாளி படியேறி வந்தார். ஒரு கையில் குடை. மறு கையில் துணி சுற்றிய பிஸ்கட் டின்.

"மொதலாளி, நீங்க எங்க இங்க?" என்றார் சின்னையா.

"சாட்சி சொல்ல வந்தேன். உள்ள நட," என்றார்.

மொழிபெயர்ப்பாளர் வாக்குக் காப்பாற்றினார். முதல் காரியமாக, பேர் என்ற சொல்லுக்குத் தோட்டத்தில் என்ன அர்த்தம் என்பதையும், போன தடவை தாம் சொன்னது பிசகு என்பதையும் அதிகாரியிடம் சொன்னார். அதிகாரி தலையசைத்துவிட்டு அட்டைகளை வாங்கினார். வாசித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டார். நடுவில் ஒரு சந்தேகம் கேட்டார். இந்த 786 எல்லா முஸ்லிம்களின் கடிதத்திலும்தான் இருக்கிறதே, இது எப்படி ஒரு காரைக் குறிக்கும் என்று. 

காசிம் முதலாளி எழுந்து நின்று, "மேல இருக்குறது ஆண்டவனுக்கு எழுதுனது. கீழ கடைசி வரியில இருக்குறதுதான் காரு. அதுல இவன் பேரும் இருக்கு," என்றார். 

அதிகாரி சிரித்தார். அட்டைகளைத் தேதிவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார். வெகு நேரம் பிடித்தது. கடைசியில் பேனாவை வைத்துவிட்டு, அட்டையில்லாத நாலு மாதம் பன்னிரண்டுக்குள்தான் வருகிறது, இந்தக் காலத்தைப் பற்றித் தமக்குத் திருப்தி என்றார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னபோது, சின்னையா புரியாதவர் மாதிரி என்னைத்தான் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் தோள் துண்டை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டார்.

நான் மட்டும் அதிகாரியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மேலே இருந்த அட்டையைத் திருப்பினார். 

"இவை யாருக்கு வந்த கடிதங்கள் எண்டு கேக்கிறார்," என்றார் மொழிபெயர்ப்பாளர். குரல் தணிந்திருந்தது. அவருக்கும் விளங்கிவிட்டது.

"எனக்குத்தான்."

"அப்ப நீங்கள் எங்கை இருந்தனீங்கள்?"

"கீழக்கரையில."

"முழுக் காலமுமோ?"

"பதினாலு மாசம்."

அதிகாரி முழுப் பெயரையும் கடை விலாசத்தையும் கேட்டார். முதலாளி நிதானமாக, எழுதுகிறவருக்கு அவகாசம் கொடுத்து, எழுத்தெழுத்தாகச் சொன்னார். அட்டைகள் பைலில் இருக்கட்டும், திருப்பித் தர முடியாது என்றார்கள். அவர் காலி டின்னை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அன்று அவர் கடையில் அந்த அட்டைகளைத் திருப்பிப் பார்க்காமல், வியாபாரத்தை மட்டும் பேசிவிட்டு வந்திருந்தால், ஒரு குடும்பம் போயிருக்கும், ஒரு கடை தப்பியிருக்கும். பார்த்தேன், சொன்னேன். இன்னொரு தடவை பார்த்தாலும் சொல்வேனோ என்னவோ. 

வெளியே மழை விடவில்லை. சின்னையாவுக்கு உள்ளே கடைசியில் நடந்தது எதுவும் தலையில் ஏறவில்லை. அவர் காதில் விழுந்தது திருப்தி என்ற ஒரே சொல்தான். முதலாளியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மொதலாளி, நாளைக்குக் காலையிலயே கிளாக்கரையாகிட்ட சொல்லிடுறேங்க. வண்டிய வேற யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு. நானே கழுவித் தொடைச்சு உங்க கடை வாசல்ல கொண்டாந்து நிறுத்துறேன். எப்ப எடுத்துக்கிறீங்க?"

"வேணாம் சின்னையா. நான் எடுக்கல."

"ஏங்க மொதலாளி? இத்தன வருசமா ஆசப்பட்டீங்களே. வெலை தகையலீங்களா?"

காசிம் முதலாளி தன் கைகளை மெதுவாக விடுவித்துக்கொண்டு குடையை விரித்தார்.

"வெலையெல்லாம் தகஞ்சுதான் இருக்கு. கப்பல்ல ஏத்த விட மாட்டாங்கப்பா," என்றார்.